எஞ்சினுக்கு ஒரு ஆள் பங்கு

திருச்சுழிக்காரனுக்குப் படகில் என்ன வேலை என்று கேட்காதவர்கள் குறைவு. நியாயமான கேள்விதான். எங்கள் பக்கம் கண்மாய் பெருகிக் கலுங்கு பாய்ந்த வருஷங்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். ஊரை ஒட்டிய குண்டாற்றில் மழைக்காலத்தில் சில நாள் தண்ணீர் வரும். மற்ற நாளெல்லாம் மணலும் சீமைக் கருவேலமும்தான். ஆனால் அந்த ஆறு திருச்சுழியைத் தாண்டி, கமுதியைத் தொட்டு, சாயல்குடிக்குத் தெற்கே மூக்கையூர்ப் பக்கம் மன்னார் வளைகுடாவில் போய் விழுகிறது. ஆறு எப்போதாவது போகிற வழியில் நான் பஸ்ஸில் அடிக்கடி போய்வந்தேன். அவ்வளவுதான் சமாசாரம்.

தொழில் பழகியது அருப்புக்கோட்டையில், ஒரு டீசல் எஞ்சின் பட்டறையில். கிணற்று மேட்டில் கறுப்புப் புகை விட்டுக்கொண்டு நிற்குமே, அந்தப் பம்புசெட் எஞ்சின்களோடுதான் என் இளமை போனது. வைகாசியில் கிணறு வற்றியதும் எஞ்சின் மேல் ஒரு சாக்கைப் போர்த்திவிட்டுப் போய்விடுவார்கள். புரட்டாசியில் மேகம் திரண்டதும் ஊரே எஞ்சினைத் தூக்கிக்கொண்டு பட்டறைக்கு வரும். பிறகு மின் மோட்டார் வந்தது. பல கிணறுகளில் தண்ணீரே போனது. பட்டறையில் ஈ ஓட்டிக்கொண்டிருந்த நேரத்தில், முதலாளிக்குத் தெரிந்த ஒரு சம்மாட்டி, அதாவது படகுச் சொந்தக்காரர், சாயல்குடிப் பக்கமிருந்து ஆள் அனுப்பினார். அவருடைய வள்ளத்து எஞ்சினைத் திறந்து பார்த்தபோது எனக்கு அந்நியமாகவே தெரியவில்லை. அதே பிஸ்டன், அதே லைனர், அதே நாசில். மேலே மட்டும் உப்புப் பூத்திருந்தது.

எங்கள் மண்ணுக்கும் அந்தக் கரைக்கும் உறவு என்னோடு தொடங்கவில்லை. மரப்படகுக் காலத்தில், படகின் விலா எலும்பான வங்குக் கட்டைக்கு நாட்டுக் கருவேலம்தான் வேண்டும். அது கண்மாய்க்குள் வளர்கிற மரம். தானாகவே வளைந்து நிற்கும் கிளையைத் தேடி வாங்கிப் போவார்கள். பலகை இடுக்கில் பஞ்சுத் திரியை உளியால் அடித்து இறுக்கி, குங்கிலியமும் எண்ணெயும் காய்ச்சிப் பூசுவது கலப்பத்து வேலை. நூற்பாலை ஊரான அருப்புக்கோட்டைக்குப் பஞ்சு பற்றி யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. 2004 சுனாமிக்குப் பிறகு ஃபைபர் படகுகள் பெருகி, கலப்பத்துக்காரர்கள் அருகிப்போனார்கள். மரப்படகு வருஷா வருஷம் கரையேறிக் கேட்டது. ஃபைபர் கேட்காது. அதனால் ஃபைபருக்குச் செலவே இல்லை என்று ஒரு நம்பிக்கை பரவியது. கேட்காமல் இருப்பது வேறு, வேண்டாமல் இருப்பது வேறு என்பதை அடுத்த சில ஆண்டுகளில் எல்லோரும் பார்த்தோம்.

உப்பு என்ன செய்யும் என்பதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். இதில்தான் பணம் கரைகிறது. பல சின்ன எஞ்சின்களைக் கடல் தண்ணீரே குளிர்விக்கிறது. ஒரு பம்பு அதை உறிஞ்சி, சிலிண்டரைச் சுற்றியுள்ள அறைக்குள் ஓட்டி, வெளியே தள்ளும். அந்தப் பம்புக்குள் ரப்பர் இதழ்கள் வைத்த ஒரு சின்னச் சக்கரம் இருக்கிறது, இம்பெல்லர். சில நூறு ரூபாய்ச் சாமான். மணல் தின்று இதழ் கிழிந்தால் தண்ணீர் ஏறாது, எஞ்சின் கொதிக்கும், ஹெட் வளையும். ஹெட்டைக் கழற்றி லேத்துக்கு அனுப்பி, கேஸ்கெட் மாற்றி, மறுபடி பூட்டினால் 15,000 ரூபாய்க்குக் குறையாது. ஆயிலும் அப்படித்தான். நேரத்துக்கு மாற்றினால் 2,000 ரூபாய்க்குள் முடிகிற வேலை. மாற்றாமல் ஓட்டி, பேரிங் தேய்ந்து, கிராங்க் கீறினால் 60,000 ரூபாய். அடியில் கொட்டலசு என்கிற ஓட்டு உயிர்கள் ஒட்டினால் வள்ளம் கனத்து டீசலை அதிகம் குடிக்கும். சுரண்டி எடுக்க ஒரு நாள் கூலி. சுரண்டாவிட்டால் அந்தக் கூலியை டீசலாகத் தினமும் கொடுத்துக்கொண்டிருக்க வேண்டும்.

துறையில் கட்டி நிற்கிற படகுக்கும் செலவு உண்டு. அலை ஒவ்வொன்றுக்கும் அது காங்கிரீட் மேடையில் உரசுகிறது. நடுவில் ஒரு பழைய லாரி டயரைக் கட்டித் தொங்கவிட்டால் போதும். டயர் ஓசியில்கூடக் கிடைக்கும், கயிறுதான் செலவு. கயிறு அறுந்த அன்றே மாற்றாத படகுக்கு விளிம்பு உடையும். உடைந்த இடத்தில் ஃபைபர் பாய் வைத்து, ரெசின் பூசிக் காயவிட வேண்டும். அதுவரை கடலுக்குப் போக முடியாது. பில்லில் ரெசின் விலை இருக்கும். போகாத நாட்களின் வருமானம் எந்தப் பில்லிலும் இருக்காது. படகு ரிப்பேரில் பெரிய தொகை எப்போதும் அதுதான்.

இவையெல்லாவற்றையும் விட எளிய வைத்தியம் ஒன்று உண்டு. கரைக்கு வந்ததும் எஞ்சினுக்குள் நல்ல தண்ணீரை விட்டுச் சிறிது நேரம் ஓட்டி உப்பைக் கழுவிவிடுவது. எந்த மெக்கானிக்கும் இதைச் சொல்வான், நானும் சொன்னேன். ஒருநாள் ஒரு சம்மாட்டி என்னைத் தெருமுனைக்குக் கூட்டிப் போய்க் காட்டினார். தள்ளுவண்டியில் குடங்களை அடுக்கிக்கொண்டு பெண்கள் நின்றிருந்தார்கள். "அண்ணே, இதுல ரெண்டு கொடத்த வாங்கி எஞ்சினக் குளிப்பாட்டுனேன்னு வைங்க, வீட்டுக்காரி என்னையக் கடல்ல குளிப்பாட்டிருவா." தண்ணீர்ப் பஞ்சத்தில் பிறந்து வளர்ந்த எனக்கு அந்த வைத்தியத்தின் விலை தெரிந்திருக்க வேண்டும். எஞ்சினோடு வருகிற புத்தகத்தை எழுதியவர்கள் இந்தப் பக்கம் வந்திருக்க மாட்டார்கள்.

இனி நான் சொல்லத் தயங்குகிற பகுதி.

அந்தக் கரையில் என் கை ராசியானது என்று பேர் எடுத்தேன். பேர் வந்ததும் கூட்டம் வந்தது. ஒரு மெக்கானிக்கின் காதுக்கு எஞ்சின் சத்தத்திலேயே பாதி தெரிந்துவிடும். டீக்கடையில் உட்கார்ந்திருக்கும்போது ஒரு வள்ளம் கரை சேரும் சத்தம் கேட்டால், இதற்கு நாசில் சரியில்லை, அதற்கு ஆயில் கருத்துப்போயிருக்கிறது என்று மனசு கணக்குப் போடும். எழுந்து போய்ச் சொல்லியிருக்கலாம். பல தடவை சொல்லவில்லை. ஆயில் மாற்றினால் என் கூலி சில நூறு ரூபாய். கிராங்க் போனால் பல ஆயிரம். வாயைத் திறக்காமலிருந்ததற்கு எனக்குக் கிடைத்த கூலி அது. அருப்புக்கோட்டையில் நான் கட்டிய வீட்டின் மாடி, மற்றவர்கள் தள்ளிப்போட்ட வேலைகளால் எழுந்தது.

இதைவிட மோசமானது கடன் விஷயம். எஞ்சின் நின்றுபோன சம்மாட்டியிடம் கையில் பணம் இருக்காது. எனக்கோ உதிரிச் சாமான் கடைக்கு ரொக்கம் கட்டியாக வேண்டும். நடுவில் ஒரு மீன் வியாபாரி வருவார். என் பில்லை அவர் அன்றைக்கே தீர்த்துவிடுவார், அந்தத் தொகை சம்மாட்டியின் பேரில் ஏறும். வட்டி என்று ஒரு வார்த்தை பேச மாட்டார். ஆனால் கடன் அடையும்வரை மீனை அவரிடம்தான் போட வேண்டும், அவர் சொல்வதுதான் விலை, கமிஷன் தனி. 20,000 ரூபாய் ரிப்பேருக்காகச் சில வருஷம் குறைந்த விலைக்கு மீன் போட்டவர்களை எனக்குத் தெரியும். அவர்கள் அந்த எஞ்சினை எத்தனை முறை விலைக்கு வாங்கினார்கள் என்று யாரும் கணக்கெழுதவில்லை. நான் அந்த ஏற்பாட்டை விரும்பினேன். என் பணம் நிற்காமல் வந்ததே! ஒருமுறை வியாபாரியே சிரித்துக்கொண்டு சொன்னார், "நீங்க மெதுவா வேல பாருங்கண்ணே, அவசரமில்ல." அந்தச் சிரிப்பின் பொருள் எனக்கு அப்போதே விளங்கியது.

விசைப்படகுக்காரர்களிடம் இந்த இழவு குறைவாக இருந்தது. அதற்குக் காரணம் அவர்களுடைய புத்திசாலித்தனம் என்று நினைத்திருந்தேன், இல்லை. கிழக்குக் கரையில் விசைப்படகுகளுக்கு ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடை. 2001-இல் தொடங்கியபோது 45 நாள், 2017 முதல் 61 நாள். மீன் இனப்பெருக்கத்துக்காகக் கொண்டுவந்த ஏற்பாடு அது. அதன் உபகாரம் படகுக்கும் போய்ச் சேர்ந்தது. எப்படியும் கடலுக்குப் போக முடியாது என்பதால் படகைக் கரையேற்றிப் பலகை மாற்றுகிறார்கள், பெயின்ட் அடிக்கிறார்கள், எஞ்சினை இறக்குகிறார்கள். மீன்வளத் துறையும் அந்த நாட்களில்தான் படகுகளை ஆய்வு செய்கிறது. வள்ளத்துக்கும் நாட்டுப்படகுக்கும் அந்தத் தடை இல்லை. வருஷம் முழுக்கப் போகலாம் என்பது அவர்களுக்குச் சலுகை. போகலாம் என்றிருந்தால் போகாமல் இருக்க யாருக்கு மனசு வரும்? கச்சான் காற்று பலமாக அடிக்கிற நாளில் மட்டும் வள்ளம் ஓய்ந்து கிடக்கும். அந்த நாளில் கையில் காசு இருக்காது. காசு இருக்கிற நாளில் ஓய்வு இருக்காது. வள்ளத்துக்காரர்களின் ரிப்பேர்ச் செலவு ஏறுவதற்கு நான் கண்ட பெரிய காரணம் இதுதான், உப்பு இரண்டாவது.

என் கணக்கைக் கலைத்தது ஒரு சம்மாட்டியின் மனைவி. எழுபதைத் தொட்ட அம்மா, மகளிர் குழுவில் கணக்கு எழுதியவர். பில்லைக் கொண்டுபோய் நீட்டினால் வாங்கிக்கொண்டு உள்ளே போய்விடாமல், திண்ணையில் உட்கார்ந்து வரி வரியாகக் கேட்பார்.

"இது என்ன தம்பி, பேரிங்கு?"

"தேஞ்சுபோச்சும்மா."

"ஏன் தேஞ்சுச்சு?"

"ஆயில் கெட்டுப்போச்சு."

"போன தடவ நீ வந்தப்பவே கெட்டிருந்துச்சா?"

நான் பதில் சொல்லவில்லை. அவரும் வற்புறுத்தவில்லை. அடுத்து வேறொன்று கேட்டார்: ஒரு வருஷத்துக்கு இந்த எஞ்சினுக்கு, ஒன்றும் கெடாமலே, என்ன செலவு ஆகும்? தொழிலுக்கு வந்த இத்தனை காலத்தில் யாரும் என்னிடம் அதைக் கேட்டதில்லை. கெட்டதற்கு என்ன ஆகும் என்றுதான் கேட்பார்கள். சிகரெட் அட்டையின் பின்பக்கம் எழுதிப் பார்த்தேன். ஆயில், ஃபில்டர், இம்பெல்லர், கிளாண்ட் கயிறு, நாசில் சோதனை, கொட்டலசு சுரண்டும் கூலி, துருவைத் தன் மேல் வாங்கிக்கொள்ளும் துத்தநாகத் துண்டு, ஓரத்து டயருக்குக் கயிறு. அவர்கள் அந்த வருஷம் எனக்குக் கொடுத்திருந்த தொகையில் மூன்றில் ஒரு பங்குகூட வரவில்லை.

அந்த அம்மா செய்தது இதுதான். கடலிலிருந்து வந்ததும் மீன் விற்ற பணத்தில் டீசல், ஐஸ், சாப்பாட்டுச் செலவைக் கழித்துவிட்டு, மிச்சத்தைப் படகுக்கும் ஆட்களுக்குமாகப் பிரிப்பது வழக்கம். படகின் பங்கு சம்மாட்டி வீட்டுக்குப் போகும், வீட்டுக்குப் போனது வீட்டோடு கலந்துவிடும். பங்கு பிரிப்பதற்கு முன்னாலேயே எஞ்சினை ஒரு ஆளாக எண்ணி, அதன் கூலியைத் தனியே எடுத்துவைக்கச் சொன்னார். பிடிபாடு குறைந்த நாளில் மற்ற ஆட்களைப் போல எஞ்சினுக்கும் கொஞ்சமாகத்தான் கிடைக்கும். முதலில் ஆட்கள் முணுமுணுத்தார்கள். "எஞ்சினு என்ன கஞ்சியா குடிக்குது?" என்றார் ஒருவர். அந்த அம்மா விடவில்லை. "அது படுத்துட்டா நீ கஞ்சி குடிக்க மாட்ட" என்றார். பணம் மகளிர் குழுவின் சேமிப்போடு வங்கிக்குப் போனது. குடும்பத்தில் யார் கேட்டும் எடுத்துக் கொடுக்கவில்லை, பேத்தி காதுகுத்துக்குக்கூட. அதில் பெரிய சண்டை வந்தது எனக்குத் தெரியும்.

அந்த வள்ளத்திலிருந்து எனக்கு வந்த வருமானம் குறைந்தது. உண்மையைச் சொன்னால் முதலில் எனக்கு வருத்தம்தான்.

படகுக்கென்று பணம் எடுத்துவைக்கும் பழக்கம் வேறு ஊர்களில் இருப்பதைப் பிறகுதான் அறிந்தேன். பங்காளி மகன் ஒருவன் துபாயில் உல்லாசப் படகுகளைக் கழுவும் வேலை பார்த்தான். படகின் நீளத்தை அளந்து அதற்கு ஏற்ப நிற்கும் இடத்துக்கு வாடகை வாங்குவார்களாம். வருஷத்தில் சில நாள்கூட வெளியே போகாத படகுக்கும் அடியைச் சுரண்ட ஆள் இறங்குமாம். அந்த ஊர்களில் படகு வாங்குகிறவர்களிடையே ஒரு வாய்ப்பாடு உண்டு: வாங்கிய விலையில் பத்தில் ஒரு பங்கை ஒவ்வொரு வருஷமும் பராமரிப்புக்கு எடுத்துவைக்க வேண்டும். விளையாட்டுக்குப் படகு வைத்திருக்கிறவனுக்கு இந்தக் கணக்கு தெரிகிறது. பிழைப்புக்கு வைத்திருக்கிறவனுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. எஞ்சின் வாங்க அரசு மானியம் இருக்கிறது. டீசலுக்கு வரிவிலக்கு இருக்கிறது. ஆயில் மாற்றுவதற்கு மானியம் கேட்டு மனுக் கொடுத்தவரை நான் பார்த்ததில்லை. கேட்டாலும் அதில் அடிக்கல் நாட்ட எதுவும் இல்லையே!

இந்த அறிவெல்லாம் புதிதும் அல்ல. ஏரி தூர்வார ஓடம் விடுவதற்கு நிவந்தம் எழுதிவைத்த செய்தி பழைய தமிழகக் கல்வெட்டுகளில் வருகிறது. சேற்றை ஓடத்தில் அள்ளிக் கரைமேல் கொட்டுவதற்கான ஏற்பாடு. அப்படிக் கொடுத்தவர்கள் ஓடத்தில் வேலை செய்யும் ஆட்களுக்கு மட்டும் நெல் எழுதவில்லை. ஓடத்தைப் பழுது பார்க்கும் தச்சனுக்கும் கொல்லனுக்கும் சேர்த்தே எழுதினார்கள். படிக்கத் தெரிந்த நண்பர் ஒருவர் இதைச் சொன்னபோது எனக்கு அந்த அம்மாவின் திண்ணை நினைவுக்கு வந்தது. பரந்த கடல் கிடக்க, படகு ரிப்பேருக்கான நிதியைக் கல்லில் வெட்டியவர்கள் ஏரிக்காரர்கள்.

ஏரி என்றதும் எங்கள் ஊர்க் கண்மாய்க்கு வர வேண்டியிருக்கிறது. கண்மாய் வறண்டு கிடக்கிற பங்குனி, சித்திரை, வைகாசியில்தான் வரத்துக்கால் வெட்டுவதும் கரை போடுவதும் மடை பார்ப்பதும் நடக்கும். விசைப்படகு கரையேறுகிற மாதங்களும் கிட்டத்தட்ட அவையே. வீட்டுக்கு ஒரு ஆள் மண்வெட்டியோடு வருவது குடிமராமத்து. அந்த வழக்கம் தளர்ந்துபோய், வராதவர்களிடம் பணம் வசூலிக்க 1858-இல் சென்னை மாகாணத்தில் கட்டாய உழைப்புச் சட்டமே போட வேண்டி வந்தது. 2017-இல் தமிழக அரசு 100 கோடி ரூபாய் ஒதுக்கிக் குடிமராமத்து என்ற பெயரிலேயே திட்டம் தொடங்கியது. எங்கள் பக்கத்திலும் தூர் வாரிய கண்மாய்கள் உண்டு. நல்ல காரியம், குறை சொல்ல மாட்டேன். ஆனால் பொக்லைன் வந்து போவதை மராமத்து என்று நம்பப் பழகிவிட்டோம். கிராங்க் மாற்றுவதைப் பராமரிப்பு என்று நம்புகிற சம்மாட்டியும் நாமும் ஒன்றுதான்.

ஒரு ஐப்பசியில் அபூர்வமாக நல்ல மழை. கண்மாய் முக்கால்வாசி ஏறிவிட்டது. மடை ஷட்டரை இறக்கப் போனால் திருகு அசையவில்லை. துருப்பிடித்துக் கல்லாகியிருந்தது. வேண்டாத நேரத்தில் தண்ணீர் வயல் வழியே ஓடிக்கொண்டிருந்தது. மணல் மூட்டையைப் போட்டு அடைக்க ஊரே இறங்கியது. எனக்கு ஆள் வந்தது. டீசலை ஊற்றி ஊறவைத்து, சூடு காட்டி, தட்டித் தட்டி விடியற்காலையில்தான் இறக்கினேன். அந்தத் திருகுக்கு வருஷத்துக்கு ஒரு டப்பா கிரீஸ் போதும், 300 ரூபாய். மடைப் பொறுப்பைத் தலைமுறையாகப் பார்த்துவந்த மடையான் குடும்பத்துக்கு ஊர் கொடுத்த நெல் நின்று வெகுகாலமாகிவிட்டது. நெல் நின்றபோதே கிரீஸும் நின்றுபோனது. அதை நிறுத்தியதில் எங்களுக்கு மிச்சமானது எவ்வளவு, போன தண்ணீரின் விலை எவ்வளவு என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார். யாரும் கணக்குப் போட முன்வரவில்லை.

அதற்குப் பிறகு நான் தொழிலில் ஒன்றை மாற்றிக்கொண்டேன். கரையில் என்னிடம் வேலை கொடுக்கும் வள்ளங்களுக்கு வருஷத்துக்கு இவ்வளவு என்று ஒரு தொகை பேசிக்கொள்கிறேன். மாதாமாதம் வந்து பார்ப்பது என் பொறுப்பு. எஞ்சின் கெட்டால் எனக்குத்தான் நஷ்டம். எல்லோரும் சேரவில்லை. ஒன்றும் கெடாத மாதத்தில் பணம் கொடுக்க மனசு கசக்கிறது என்று விலகியவர்களும் உண்டு. அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. வருமானம் முன்பைவிடக் குறைவு. வியாபாரியிடம் பில் போவதில்லை. மாடிக்கு மேல் இன்னொரு மாடி எழும்பப் போவதில்லை, அதற்கு வீட்டில் இன்னமும் பேச்சு வாங்குகிறேன்.

இதைப் படிக்கிறவர்களில் திருச்சுழி, நரிக்குடி, காரியாபட்டி, அருப்புக்கோட்டைப் பக்கத்துக்காரர்கள் இருந்தால் ஒரு வேண்டுகோள். மே 1 அன்று கிராம சபை கூடும். சித்திரை மாதம், கண்மாய் வறண்டு கிடக்கும் நேரம். தூர்வாரப் பெரிய தொகை கேட்டுத் தீர்மானம் போடுங்கள், போட வேண்டியதுதான். அதோடு இன்னொரு வரியும் எழுதச் சொல்லுங்கள்: மடைத் திருகுக்குக் கிரீஸ், கலுங்கு விரிசலுக்குச் சிமென்ட், இவற்றை வருஷா வருஷம் பார்க்க ஒரு ஆள், அந்த ஆளுக்குக் கூலி. கூலி எந்தக் கணக்கிலிருந்து, யார் கையால், எந்த மாதம் என்பதையும் எழுதிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.